ஏழு கறியும் ஒற்றை ஆளும்

தனியாளாக நான் செய்துவரும் கணினி விளையாட்டு, பதினெட்டு மாதங்களுக்குப் பிறகு, 2025 பிப்ரவரியில்தான் தொடக்கம் முதல் முடிவு வரை நடுவில் நின்றுவிடாமல் ஓடியது. மொரீஷியசில் தைப்பூசக் காவடி இறக்கியபின் வாழையிலையில் பரிமாறப்படும் ஏழு கறிச் சோறு, தமிழர் அல்லாதவரும் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் 'செத் காரி' என்று கேட்டு வாங்கி உண்ணும் அந்தச் சோறுதான், அதன் களம். பந்தியில் இருப்பவர்களின் இலையில் எது தீர்ந்திருக்கிறது என்று பார்த்து, அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ரசம் இலையைத் தாண்டி வழிந்தால் புள்ளி குறையும். பின்னணியில், காத்ர் போர்ன் நகரில் எங்கள் மாடியிலிருந்து தெரியும் கோர் தெ கார்ட் மலையை வரைந்திருக்கிறேன்.

2023 ஆகஸ்டில், விளையாட்டு உருவாக்கும் மென்பொருளான கோடோ 4-இல் தொடங்கினேன். அது கட்டணமில்லாதது என்பது ஒரு காரணம். தமிழ் மற்றொரு காரணம். முந்தைய 3-ஆம் பதிப்பில் 'கெ' என்று எழுதினால் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2023 மார்ச்சில் வந்த 4.0-இல், எழுத்துகளை முறைப்படி கோக்கும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரலகத்தைச் சேர்த்ததால் அந்தத் தொல்லை ஒழிந்தது. ஆனாலும், உரையாடல் ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் தோன்றும்படி செய்தபோது வேறொரு வேடிக்கை நடந்தது. 'அம்மா' என்ற சொல் அ, அம, அம், அம்ம, அம்மா என்று வந்தது. யூனிகோடில் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனிக் குறியீடு இருப்பதால், அவற்றையும் ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறது. மகரம் முதலில் வந்து பிறகு தலையில் புள்ளி விழுவது, பிள்ளை எழுதப் பழகுவதுபோல் அழகாகத்தான் இருந்தது. படிப்பவருக்கோ கண் வலிக்கும். மெய்யையும் உயிர்மெய்யையும் முழு எழுத்தாக எண்ணும்படி பத்துப் பன்னிரண்டு வரி நிரல் எழுதிச் சரிசெய்தேன்.

நிரல் சிக்கல்களை இப்படி உட்கார்ந்து தீர்க்க முடிந்தது. வேலையை ஒழுங்குபடுத்துவதில்தான் சறுக்கினேன். தனியாள்தானே, எழுதி வைப்பானேன் என்று எல்லாவற்றையும் மனத்திலேயே வைத்திருந்தேன். டிசம்பர் விடுமுறையில் அத்தை மகன் இசையமைத்துத் தருவதாகச் சொன்னபோது, பண்டிகைக் களையோடு ஏதாவது செய் என்றேன். அவன் இரண்டு வாரம் உழைத்து மூன்று நிமிடப் பாட்டொன்று கொண்டுவந்தான். பாட்டு அருமை, ஆனால் ஒரு பந்தி 90 விநாடியில் முடிந்துவிடும், இசையின் முடிவும் தொடக்கமும் ஒட்டுத் தெரியாமல் சேரவும் வேண்டும். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, அண்ணா" என்றான். எனக்குப் பதில் இல்லை.

2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலில் எங்கள் வீட்டு மின்சாரம் நின்று மடிக்கணினியும் அணைந்தது. மீண்டும் திறந்தபோது 'இலை_புதியது', 'இலை_கடைசி', 'இலை_கடைசி_2' ஆகிய மூன்று கோப்புகளில் எது உண்மையில் கடைசி என்று எனக்கே விளங்கவில்லை. கோப்புகளில் செய்யும் மாற்றங்களை வரிசையாகப் பதிந்து வைக்கும் கிட் என்னும் மென்பொருளை அப்போதுதான் நிறுவினேன்.

பத்து நாள் கழித்துத் தைப்பூசம். பூசணிக்காய் நறுக்கக் கோயில் சமையற்கூடத்துக்குப் போயிருந்தேன். அங்கே சித்திதான் தலைமை. கூச்சல் இருந்தது, குழப்பம் இல்லை. நறுக்குகிறவர் அடுப்பருகே வருவதில்லை. ஒவ்வோர் அண்டாவுக்கும் ஒருவரே பொறுப்பு. படைக்கும்முன் யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பதால், உப்புப் போட்டாயிற்றா என்பதை நாக்கால் அறிய வழியில்லை. ஆகவே ஏழு அண்டாவுக்கும் சித்தி ஒருவரே உப்பிட்டார். இட்டவுடன் மூடியின்மேல் ஒரு கறிவேப்பிலைக் கொத்தை வைத்தார். யாரும் யாரையும் கேட்கவில்லை, மூடியைப் பார்த்தார்கள்.

என் விளையாட்டில் உப்பு என்பது எண்கள்: நடையின் வேகம், பந்தியின் நேரம், புள்ளி. இருபது கோப்புகளில் சிதறிக் கிடந்த அவற்றை ஒரே கோப்பில் திரட்டினேன். அதில் நான் மட்டுமே கை வைப்பேன். ஒலிக்கோப்புகள் முழுவதும் அத்தை மகனுக்கு உரியவை. ஒவ்வோர் ஒலிக்கும் எத்தனை விநாடி, திரும்ப ஒலிக்க வேண்டுமா, எப்போது கேட்க வேண்டும் என்று ஒரு வரி எழுதி, முடிந்த வரியில் ஓர் இலைக் குறி இடுகிறோம். எனக்கு நானே செய்துகொண்ட ஏற்பாடு, சனிக்கிழமை படம், ஞாயிற்றுக்கிழமை நிரல் என்பது. அதை மாதம் இருமுறையாவது மீறிவிடுகிறேன்.

2025 பிப்ரவரி 11, தைப்பூசத்தன்று மாலை, சித்தியிடம் மடிக்கணினியைக் கொடுத்தேன். முதல் பந்தியிலேயே தோற்றார். தோற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இலைகளின் நுனி ஏன் சாப்பிடுகிறவருக்கு வலப்பக்கம் இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அத்தனை மாதமாக நானும் பார்க்கவில்லை, அத்தை மகனும் பார்க்கவில்லை. அப்படியே இடவலமாகத் திருப்பினால் நிழல் தவறான பக்கம் விழும் என்பதால் புதிதாகத்தான் வரைய வேண்டும். சனிக்கிழமைக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறேன்.