ரேங்கும் ஸ்கோர் கார்டும்

ஃபுளோரிடாவில் ஒரு ஜூனியர் கோல்ஃப் அகாடமியில் எனக்கு அலுவலக வேலை. பிள்ளைகளின் போட்டி விவரங்களைத் தொகுத்து, கல்லூரி கோச்சுகளுக்குப் போகும் ஃபைலைத் தயார் செய்வது என் பொறுப்பு. எந்தப் போட்டிக்குப் பெயர் கொடுப்பது, எந்தக் கல்லூரிக்கு எப்போது எழுதுவது என்பதெல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். இங்கே வந்து உட்காரும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ரேங்க் எவ்வளவு இருந்தா டிவிஷன் ஒன் கிடைக்கும்?" அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மேல்தட்டுக்குத்தான் டிவிஷன் ஒன் என்று பெயர்.

ரேங்க் பட்டியலே பல உண்டு. ஜூனியர் கோல்ஃப் ஸ்கோர்போர்டு, பள்ளி முடிக்கும் வருடம் வாரியாகவும் பிள்ளைகளை வரிசைப்படுத்துகிறது. 1978-இல் தொடங்கிய அமெரிக்கன் ஜூனியர் கோல்ஃப் அசோசியேஷனுக்குத் தனிப் பட்டியல். வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றால், உலக அமெச்சூர் ரேங்கிங்கைத்தான் கோச்சுகள் முதலில் தேடுவார்கள். ஒரே பையன் ஒன்றில் மேலேயும் இன்னொன்றில் வெகு கீழேயும் இருப்பது சாதாரணம்.

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மகனின் போட்டி அட்டவணையோடு வந்தார். அதில் பேர்பெற்ற ஒரு போட்டியைக் கோடு போட்டு அடித்துவிட்டிருந்தார். "ஏனுங்க மேடம், அது ரொம்பக் கஷ்டமான கோர்ஸுங்க. அங்க போய் 76 அடிச்சான்னா ரேங்க் கீழ போயிருமுங்களே" என்றார். கோல்ஃபில் பந்தை எத்தனை தடவை அடித்தோம் என்பதுதான் ஸ்கோர், அது குறையக் குறைய நல்லது. பதிலுக்கு அருகிலேயே நடக்கும் சின்னப் போட்டிகள் நான்கைந்தைச் சேர்த்திருந்தார்.

பென்சிலை எடுத்து அவருக்கு எழுதியே காட்டினேன். ஒவ்வொரு மைதானத்துக்கும் கோர்ஸ் ரேட்டிங் என்று ஒரு எண் உண்டு. ஹேண்டிகேப் என்ற சலுகை அடிகள் தேவைப்படாத நல்ல ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்ற மதிப்பீடு அது. ரேட்டிங் 75 உள்ள இடத்தில் 74 அடித்தால் ஒன்று குறைவு. 68.5 உள்ள இடத்தில் 70 அடித்தால் ஒன்றரை கூடுதல். பார்வைக்கு 70 அழகாக இருந்தாலும், ஸ்கோர்போர்டு கணக்கில் 74 தான் மேல். யாரோடு ஆடினான் என்பதும் அதில் சேரும். ஆள் இல்லாத போட்டியில் ஜெயித்த கோப்பை, கோச்சின் கண்ணில் நிற்பதில்லை.

நாட்காட்டியும் இதில் பெரிய விஷயம். டிவிஷன் ஒன் கோச்சுகள், பத்தாம் வகுப்பு முடிந்தபின் வரும் ஜூன் 15-க்கு முன்னால் பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசவோ எழுதவோ கூடாது. கல்லூரி செலவில் அழைத்துக் காட்டுவது அதே வருடம் ஆகஸ்ட் 1-க்குப் பிறகுதான். அதனால் அந்த ஜூன் மாதத்தில் ரேங்க் எங்கே நிற்கிறது என்பது பெற்றோருக்கு உயிர் போகிற விஷயமாகிவிடுகிறது. மணிக்கட்டு வலியோடு வந்த பெண்ணை, "இந்த ஒரு போட்டி மட்டும்" என்று ஆட அனுப்பச் சொல்லிக் கேட்டவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ளவில்லை, எங்கள் பயிற்சியாளரும் ஒத்துக்கொள்ளவில்லை. பதினாறு வயதுக் கைக்கு இன்னும் எத்தனையோ வருட ஆட்டம் பாக்கி இருக்கிறது.

ரேங்கினால் கிடைப்பது கோச்சின் கவனம். அதற்கு மேல் அவர் பார்ப்பது வேறு. ஒரு போட்டியில், கல்லூரி முத்திரை போட்ட தொப்பியோடு ஒருவர் மரத்தடியில் நின்றிருந்தார். பெற்றோர் எல்லாரும் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்த்துக்கொண்டிருந்த பையன் பந்தைத் தண்ணீரில் விட்டு டபுள் போகி வாங்கினான், அதாவது அந்தக் குழிக்கு வைத்த அளவைவிட இரண்டு அடி கூடுதல். கோச் கிளம்பவில்லை. அடுத்த குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடம் வரைக்கும் பின்னாலேயே நடந்து போனார். பையன் கிளப்பை எறிகிறானா, வேலியோரம் நிற்கும் அப்பாவைத் திரும்பிப் பார்க்கிறானா, அடுத்த பந்துக்கு எந்தக் கிளப்பை எடுக்கிறான் என்று கவனித்தார். கையிலிருந்த சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

கல்லூரி கோல்ஃபில் அணிக்கு ஐந்து பேர் ஆடுவார்கள், அதில் நல்ல ஸ்கோர் நான்கு கணக்கில் சேரும். 67, 72, 80 அடிப்பவனும் 72, 73, 74 அடிப்பவனும் சராசரியில் ஒன்றுதான், இரண்டும் 73. ஆனால் ஒரே நாளில் இரண்டு பேர் 80 அடித்தால் அதில் ஒன்று அணியின் கணக்கில் ஏறியே தீரும். அதனால் அனுபவமுள்ள கோச்சுகள் மோசமான சுற்றுகளைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஃபைலில் நான் அந்தச் சுற்றுகளையும் மறைக்காமல் வைக்கிறேன், காற்று, மழை, மைதானத்தின் நீளம் எல்லாவற்றையும் பக்கத்தில் எழுதி.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. பெரிய போட்டிகளில் இடம் கிடைக்கவே, மற்றப் போட்டிகளில் நன்றாக ஆடி, ஸ்டார் என்ற தகுதிப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். நுழைவுக் கட்டணம், விமானம், ஹோட்டல் என்று எல்லாம் சேர்ந்துவிடும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அமெரிக்கன் ஜூனியர் கோல்ஃப் அசோசியேஷனே ஏஸ் கிரான்ட் என்ற உதவி தருகிறது. தகுதி இருந்தும் கூச்சத்தால் விண்ணப்பிக்காத குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தப் படிவத்தை மட்டும் நானே எடுத்துக் கையில் கொடுப்பேன்.

இப்போது இடமும் சுருங்கிவிட்டது. முன்பு டிவிஷன் ஒன் ஆண்கள் அணிக்கு 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 6 என்று வரம்பு. கோச் அதைப் பலருக்குப் பிரித்துக் கொடுப்பார். 2025-இல் வந்த நீதிமன்ற ஒப்பந்தத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணிக்கு 9 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. கூடவே, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல். பள்ளிப் பையனை எடுப்பதா, வேறு கல்லூரியில் இரண்டு வருடம் ஆடித் தேறியவனை எடுப்பதா என்று கோச் யோசிக்கிறார். அதனால் டிவிஷன் இரண்டு, மூன்று கல்லூரிகளையும் பட்டியலில் சேர்த்தே எழுதுகிறேன். டிவிஷன் மூன்றில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, படிப்புக்கான உதவி உண்டு என்று சொல்லும்போது சில பெற்றோருக்கு முகம் வாடுகிறது. மார்க் நன்றாக உள்ள பிள்ளைக்கு அது பல சமயம் விளையாட்டில் கிடைக்கும் கால்வாசி உதவியைவிடப் பெரிய தொகை என்று காட்டினால்தான் கேட்கிறார்கள்.

கோயம்புத்தூர்க்காரருக்கு ஒரு வேலை கொடுத்தனுப்பினேன். மகன் விரும்பும் கல்லூரி அணிகளின் பக்கத்தைத் திறந்து, அங்கே ஐந்தாவதாக ஆடுகிறவரின் சராசரி என்ன, அவர் எந்த வருடம் பட்டம் வாங்குகிறார் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். எட்டுக் கல்லூரிகளின் பெயரோடு வந்தார். அவர் அடித்துவிட்டிருந்த அந்தப் போட்டிக்கு அன்றைக்கே பெயர் கொடுத்தோம்.