கற்றை பெரிதாகவில்லை, திரைதான் ஊதிக் காட்டியது

எங்கள் எலக்ட்ரான் முடுக்கியில் எமிட்டன்ஸ், அதாவது எலக்ட்ரான் கற்றை அகலத்திலும் கோணத்திலும் எவ்வளவு பரந்திருக்கிறது என்பதை, அளக்கும் வேலை என்னிடம் வந்தபோது ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். கற்றையைக் குவிக்கும் குவாட்ரபோல் காந்தத்தின் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, அதற்கு அப்பால் இருக்கும் திரையில் கற்றையின் அகலத்தைக் கேமராவில் பிடித்து, அகலத்தின் வர்க்கத்தை வரைந்தால் ஒரு பரவளையம் வரும், கணக்கு முழுக்க அதில்தான். பரவளையம் வந்தது. ஆனால் அடிப்பாகம் தட்டையாகக் கிடந்தது. எவ்வளவு குவித்தாலும் ஓர் அளவுக்குக் கீழே அகலம் இறங்கவே இல்லை.

முதலில் கற்றையைத்தான் குறை சொன்னேன். கற்றை பிறக்கும் எலக்ட்ரான் துப்பாக்கியைக் கவனிக்கும் நண்பரிடம் கிட்டத்தட்ட சண்டைக்கே போய்விட்டேன், பாவம் அவர்.

அப்புறம் கற்றையை நிறுத்திவிட்டு ஒரு படம் எடுத்தேன். இருட்டாக இருக்கவேண்டிய படத்தில் அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள், கதிர்வீச்சு பட்டுக் கெட்டுப்போன பிக்ஸல்கள். பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் ஆர்எம்எஸ் அகலம் (தூர வர்க்கங்களின் சராசரிக்கு வர்க்கமூலம்) கணக்கிடும்போது மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்தால் பெருக்குகிறோம் அல்லவா, ஓரத்தில் இருக்கும் ஒரே ஒரு புள்ளி நடுவில் உள்ள ஆயிரம் புள்ளிகளோடு மல்லுக்கட்டும். கற்றையைச் சுற்றி மட்டும் வெட்டியெடுத்து, இருட்டுப் படத்தையும் கழித்தேன். அடிப்பாகம் கொஞ்சம் இறங்கியது. போதவில்லை.

அடுத்த சந்தேகம் திரை. அது சீரியம் கலந்த யாக் படிகம், எலக்ட்ரான் பட்டதும் பளிச்சென்று ஒளிரும், பழகிவிட்டால் விட மனசே வராது. ஆனால் ஓர் இடத்தில் எலக்ட்ரான்கள் மிக நெருக்கமாக விழுந்தால் அதற்கேற்ப வெளிச்சம் அதிகரிக்காது, நடு உச்சி மழுங்கிக் கற்றை தடித்துத் தெரியும். கேமராவில் எந்தப் பிக்ஸலும் உச்ச அளவான 255ஐத் தொடாததால் எல்லாம் சரி என்று நம்பியிருந்தேன். கேமரா நிறைவது வேறு, படிகம் நிறைவது வேறு. மின்னூட்டத்தைக் குறைத்துச் சோதிக்கலாம்தான், ஆனால் எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் அதோடு குறைந்து கற்றையே மாறிவிடும், பிறகு குற்றவாளி யார் என்று எப்படிச் சொல்வது?

எனவே அதே மின்னூட்டத்தில், பக்கத்தில் இருந்த அலுமினியம் பூசிய திரையை இறக்கினேன். இதில் வருவது ஓடிஆர் (ஆப்டிகல் டிரான்சிஷன் ரேடியேஷன்) என்ற ஒளி, 1945இல் கின்ஸ்பர்க்கும் ஃபிராங்கும் கணித்துச் சொன்னது: துகள் ஓர் ஊடகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கும்போது எல்லையில் பிறக்கும், எலக்ட்ரான்களின் எண்ணிக்கைக்கு நேர்விகிதமாக இருக்கும். ஆனால் படத்தில் ஏறக்குறைய ஒன்றுமே தெரியவில்லை. வடிகட்டியைக் கழற்றினேன், லென்ஸை முழுதாகத் திறந்தேன், அப்போதும் மங்கல்தான்.

காரணம் பிடிபட இரண்டு நாள் ஆனது. யாக் ஒளி நாலாபக்கமும் போகும். ஓடிஆர் அப்படியில்லை, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிபோல ஒரே திசையில் குறுகிய கூம்பாக வரும். எங்கள் 100 மெகா எலக்ட்ரான் வோல்ட்டில் அதன் உச்சி அச்சிலிருந்து சுமார் 5 மில்லிரேடியன்தான். திரை 45 டிகிரியிலிருந்து 1 டிகிரி பிசகினால் ஒளி 2 டிகிரி விலகும், 1 மீட்டர் தள்ளியிருக்கும் லென்ஸில் அது 35 மில்லிமீட்டர். திரையின் படம் அதே இடத்தில் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

அடுத்து முடுக்கியை நிறுத்திய நாளில் உள்ளே போய், கற்றைப் பாதையில் லேசர் விட்டு, திரையில் பட்டுத் திரும்பும் புள்ளி லென்ஸின் நடுவில் விழும்வரை திருகினேன். மறுநாள் பரவளையத்தின் அடிப்பாகம் ஒழுங்காக இறங்கியது. யாக் திரையை இப்போது குறைந்த மின்னூட்டத்தில் கற்றை எங்கே போகிறது என்று தேட மட்டும் இறக்குகிறேன். துப்பாக்கி நண்பரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று.