கொம்பு வைச்ச ரீ-ரெக்ஸ்

ஒக்டோபர் 4, சனி

தீவாளி உடுப்பு எடுக்கவெண்டு அக்கா, மருமகன், நான் மூண்டு பேரும் பெற்றா போனது, போனது காலமை பத்துக்கு, திரும்பி வெள்ளவத்தைக்கு வந்து சேரேக்க அஞ்சரை, அதுக்குள்ள மழையும் ஒருக்கா வந்து போட்டுது. உடுப்பு எடுத்தது ஒரு மணித்தியாலம் கூட வராது, மிச்ச நேரம் முழுக்க பேமன்ரில ஒரு பிளாஸ்டிக் டைனோசருக்கு முன்னால. கடைக்காரன் 650 எண்டான், அக்கா 300 எண்டா, கடைசியா நான் 500 குடுத்தனான். மருமகனுக்கு வயசு எட்டு. 100 பஸ்ஸில வரேக்க பக்கத்து சீற்றில இருந்த அம்மாவுக்கு "இது ரீ-ரெக்ஸ்" எண்டு விளங்கப்படுத்திக்கொண்டு வந்தவன்.

வீட்ட வந்து வெளிச்சத்தில பார்த்தா கண்ணுக்கு மேல ரெண்டு கொம்பு. கை எண்டு சொல்ல ரெண்டு பயறங்காய்த் துண்டு மாதிரி ஏதோ தொங்குது. ரீ-ரெக்ஸுக்கு ஏது கொம்பு? வயித்தில என்ன எழுதியிருக்கெண்டு பார்த்தன், சீனாவில செய்ததெண்டு மட்டும் இருக்கு.

ஒக்டோபர் 5, ஞாயிறு

இரவு ஒரு மணி வரைக்கும் போனோட கிடந்து கண்டுபிடிச்சாச்சு. இவர் கார்னோடோரஸ், இறைச்சி தின்னுற காளை எண்டு அர்த்தமாம். 1984இல ஆர்ஜென்டினாவில சுபூட் மாகாணத்தில சாஸ்த்ரே எண்ட ஆளின்ர பண்ணைக் காணியில கிடைச்சது, தோண்டினது ஹோசே பொனபார்ட்டேயின்ர குழு, அடுத்த வருஷம் அவரே பேரும் வைச்சவர், விஞ்ஞானப் பேரின்ர ரெண்டாவது பாதி காணிக்காரருக்கு. இண்டு வரைக்கும் உலகத்தில இருக்கிற கார்னோடோரஸ் அந்த ஒரே ஒரு எலும்புக்கூடுதான். ஆனா அது என்ன மாதிரி ஒண்டு! மண்டையோடு முழுசா, அதோட தோலின்ர அச்சும் கல்லில பதிஞ்சிருக்கு. கிட்டத்தட்ட எட்டு மீட்டர் நீளம், எங்கட ஹோலையும் தாண்டி கொரிடோருக்குப் போகும்.

கை விசயம்தான் எனக்கு அதிசயம். முழங்கைக்குக் கீழ இருக்கிற எலும்பு மேல் எலும்பின்ர கால்வாசி நீளம்தான், ரீ-ரெக்ஸின்ர கையே இதுக்குப் பக்கத்தில பெரிய கை. விரல் நாலு, பொம்மையில மூண்டுதான் இருக்கு. பொம்மையின்ர முதுகில மொட்டு மொட்டா வரிசை பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள், அதுவும் பிழை, 2021இல தோலைத் திரும்பவும் வடிவா ஆராஞ்சு பார்த்தவை வரிசை ஒண்டும் இல்லை, பெரிய செதிள் அங்கங்க சிதறித்தான் கிடக்குதெண்டு எழுதினவை. 500 ரூபாய்க்கு இவ்வளவு எதிர்பார்க்கேலாதுதான்.

காலமை மருமகனுக்குச் சொன்னன், டேய் இது ரீ-ரெக்ஸ் இல்லையடா எண்டு. முகம் விழுந்து போச்சு. கொம்பு இருக்கிறது கூடப் பெரிய ஆள் எண்டு சொல்லி ஒரு மாதிரிச் சமாளிச்சது.

ஒக்டோபர் 6, திங்கள், போயா

லீவு. மத்தியானம் சோறு தின்னேக்க கேள்வி வந்தது: "மாமா, இது இலங்கையில இருந்ததா?"

இல்லை எண்டு சொல்ல வாய் எடுத்தனான், பேந்து விட்டிட்டன். ஏனெண்டா ஆர்ஜென்டினா, ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா எல்லா இடத்திலயும் இந்தக் கூட்டத்துக்கு ஆக்கள் இருக்கினம், அபெலிசோரிட் எண்டு குடும்பப் பேர். சுத்தி நாலு வீட்டிலயும் ஆள் இருந்து நடுவில எங்கட வீட்டில மட்டும் இல்லையெண்டு என்னண்டு சொல்லுறது. விசாரிச்சுச் சொல்லுறன் ராசா எண்டு தப்பியாச்சு. அக்கா என்னைப் பார்த்த பார்வையில, கலியாணம் கட்டாத தம்பி போயா நாளில என்ன செய்யிறான் பார் எண்ட மாதிரி இருந்தது.

ஒக்டோபர் 8, புதன்

ஒபிஸ். ஓடிற். ஒண்டும் எழுத ஏலாது. லஞ்ச் நேரம் மட்டும் மடகஸ்கார்க்காரரைப் பற்றி வாசிச்சன், மயுங்கசோரஸ். 1979இல ஒரு தடிச்ச மண்டைத் துண்டை வைச்சு, இது தலையால முட்டுற சைவ டைனோசர் எண்டு வேற பேரும் வைச்சிட்டினம். 1996இல முழு மண்டையோடு கிடைச்ச பிறகுதான் தெரிஞ்சது அந்தத் தடிப்பு ஒரு இறைச்சி தின்னியின்ர கொம்பின்ர அடி எண்டு. பேந்து 2003இல, அதின்ர எலும்பில அதே இனத்தின்ர பல்லுக் காயம் இருக்கெண்டு வேற எழுதினவை. சைவம் எண்டு நினைச்சவர் தன்ர ஆக்களையே தின்னுறவராம். மருமகனுக்கு இதைச் சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்சுச் சொல்லிப்போட்டன், சொன்னது பிழை, இரவு முழுக்க அதே கதை.

ஒக்டோபர் 11, சனி

சவர்க்காரம் வந்த கார்ட்போட் பெட்டியை வெட்டி கொண்டுவானா செய்தனாங்கள். ஒரு காலத்தில தென்னமெரிக்கா, ஆபிரிக்கா, மடகஸ்கார், இந்தியா, அந்தாட்டிக்கா, அவுஸ்திரேலியா எல்லாம் ஒட்டிக்கொண்டு இருந்த பெரிய நிலம். பேர் வந்தது நடு இந்தியாவில கோண்ட் சனம் இருக்கிற பக்கத்தால. மடகஸ்காரும் இந்தியாவும் கடைசி வரைக்கும் ஒண்டா இருந்து 8.8 கோடி வருஷத்துக்கு முதல்தான் பிரிஞ்சதுகள், அதாலதான் குஜராத்தில கிடைச்ச ராஜாசோரஸுக்கும் மயுங்கசோரஸுக்கும் அவ்வளவு சொந்தம். (பிரான்சிலயும் ஒரு அபெலிசோரிட் கிடைச்சிருக்கு, அதால கதை நான் சொல்லுற அளவுக்கு நேர் இல்லை, ஆனா எட்டு வயசுக்கு இது காணும்.) அந்த ராஜாசோரஸின்ர எலும்பை 1982-84இலயே எடுத்திட்டினம், பேர் வைச்சது 2003இல.

இலங்கையை வெட்டினா கத்தரிக்கோலுக்குள்ள நிக்காத அளவு சின்னன். ஒட்டின பத்து நிமிசத்தில ஃபான் காத்துக்குப் பறந்து போய் இன்னும் கிடைக்கேல்லை.

சரி, இது இலங்கையில இருந்ததோ எண்ட கேள்விக்குப் பதில். இலங்கையில பத்தில ஒன்பது பங்கு, 50 கோடி வருஷத்துக்கு மேல வயசான, நிலத்துக்கு அடியில வெந்து உருமாறின பாறை. டைனோசர் வந்தது 23 கோடி வருஷத்துக்குக் கிட்ட. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கல்லைப் பார்த்தா அது மயோசீன், டைனோசர் எல்லாம் செத்துக் கனகாலத்துக்குப் பிறகு கடலுக்கு அடியில உண்டானது. ஒண்டுக்கு வயசு கூட, மற்றதுக்கு வயசு காணாது, பொருத்தம் பார்க்கப் போன சாதகம் மாதிரி. இரத்தினபுரியில மாணிக்கக் குழியளுக்குள்ள நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் எண்டு எலும்பு வந்திருக்கு, தெரணியகல எண்ட எலும்பு ஆராய்ச்சிக்காரர் கனக்க எழுதினவர், ஆனா அது எல்லாம் நேற்றுச் செத்த ஆக்கள்.

இடையில பொருந்துற ஒரு இடம் தப்போவ, புத்தளத்துக்குக் கிட்ட. ஜுராசிக் காலத்துப் பாறை, பன்னம் மாதிரிச் செடியள், சைக்கஸ் மாதிரி இலையள் எல்லாம் கல்லில பதிஞ்சு வந்திருக்கு. எலும்பு இல்லை. யாழ்ப்பாணம் போற நைற் பஸ் புத்தளத்தால அனுராதபுரம் போகேக்க அந்தப் பக்கத்தாலதான் போறது, எத்தனை தரம் வாயைத் திறந்துகொண்டு நித்திரையில தாண்டியிருப்பன்.

ஆக, இருந்திருக்கும், ஆனா காட்ட ஏலாது. மருமகனுக்கு இது பிடிக்கேல்லை. "இருந்ததோ இல்லையோ?" எண்டு திரும்பவும் கேட்டவன், கோர்ட்டில கேக்கிற மாதிரி.

ஒக்டோபர் 12, ஞாயிறு

நேற்றையான் பதிலுக்கு நட்டஈடா இண்டைக்கு, தமிழ்நாட்டில டைனோசர் எலும்பு கிடைச்ச அரியலூரின்ர கதை. வரைபடத்தில அடிமட்டம் வைச்சுப் பார்த்தா யாழ்ப்பாணத்தில இருந்து அரியலூர் நேர்கோட்டில 200 கிலோமீட்டர் மட்டில, கொழும்பு 300. அதாவது எங்கட அம்மம்மா வீட்டுக்கு எங்களை விட டைனோசர் கிட்ட! இதுக்கு அவன் கட்டிலில ஏறிக் குதிச்சவன்.

அங்க கல்லமேடு எண்ட ஊரில கிடைச்ச எலும்புக்கு 1987இல யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசோரஸ் எண்டு பேர் வைச்சவை, பெரிய உடம்புக்காரன். கீழ்க்கால் எலும்பு மட்டும் ரெண்டு மீட்டர் எண்டு எழுதியிருக்கு. முதல்ல அதை இறைச்சி தின்னுற சாதி எண்டுதான் எழுதினவை, பிறகுதான் இது நீளக் கழுத்து இலை தின்னி எண்டு மற்ற ஆக்கள் திருத்தினது. மயுங்கசோரஸுக்கு நடந்ததின்ர மறுபக்கம்.

இப்ப அந்த எலும்பு இல்லை. அந்த மண்ணில எலும்பெல்லாம் மழையும் வெயிலும் பட்டு நொருங்கின பதம், சாந்து பூசிக் கட்டி எடுத்ததும் உள்ளுக்குள்ளயே பொடியாப் போட்டுதாம். 2017இல அய்யாசாமியும் சேர்ந்து எழுதின கட்டுரையில அது இருக்கு. மிச்சம் இருக்கிறது கோட்டுப் படமும் கொஞ்சப் போட்டோவும். எனக்கு இதை வாசிச்ச பிறகு பின்னேரம் முழுக்க ஒரு மாதிரி இருந்தது. வெளியில சரியான மழை வேற.

ஒக்டோபர் 16, வியாழன்

படுக்கைக் கதை இப்ப எல்லாம் எலும்பு எடுத்த கதைதான். இண்டைக்கு ரெண்டு. ஒண்டு, ரூபென் கரோலினி, ஆர்ஜென்டினாவில கார் மெக்கானிக், 1993இல வில்யா எல் சோகோன் பக்கம் மணல்ல ஓடுற வண்டியில சுத்தித் திரியேக்க ஒரு கால் எலும்பைக் கண்டவர். 1995இல அதுக்கு ஜிகானோடோசோரஸ் எண்டு பேர் வந்தது, பன்னிரண்டு மீட்டருக்கு மேல, ரீ-ரெக்ஸோட நீளத்தில மல்லுக் கட்டுற ஆள், பேரில கரோலினியும் இருக்கிறார். மற்றது அந்தாட்டிக்கா, 4,000 மீட்டர் உயரத்தில கிர்க்பாட்ரிக் மலையில வில்லியம் ஹாமரின்ர குழு ஐஸுக்கு நடுவில எடுத்த கிரையோலோபோசோரஸ், நெத்தியில எல்விஸின்ர தலைமயிர் மாதிரி சுருண்ட கொண்டை. எல்விஸ் ஆரெண்டு விளங்கப்படுத்தவே அரை மணித்தியாலம் போட்டுது.

மெக்கானிக் கதைதான் அவனுக்குப் பிடிச்சது. கீழ கராஜில வேலை செய்யிற அண்ணாவுக்கு எலும்பு ஏதும் கிடைச்சதோ எண்டு நாளைக்குக் கேக்கப் போறானாம்.

ஒக்டோபர் 19, ஞாயிறு

நாளைக்குத் தீவாளி. அக்கா காலமை அஞ்சு மணியில இருந்து வீடு கழுவல். பத்து மணி போல மருமகன் கார்னோடோரஸைக் கொண்டந்தான், வலது கையைக் காணேல்லை, உடைஞ்சு போச்சு. அழப்போறான் எண்டு நினைச்சன், அழேல்லை. "பரவாயில்லை மாமா, முதலும் பெரிசா இல்லைத்தானே."

எனக்குத்தான் மனம் கேக்கேல்லை. சுப்பர் குளூ வாங்கிக்கொண்டு வந்து சோபாவுக்குக் கீழ, கட்டிலுக்குக் கீழ, கதவு மூலையெல்லாம் போன் லைற்றை அடிச்சுத் தேடினன். கார்ட்போட் இலங்கை கிடைச்சது, அலுமாரிக்குப் பின்னால தூசியோட. கை இல்லை. அக்கா காலமை கூட்டி அள்ளினதோட போயிருக்கும், குப்பை லொறி எட்டு மணிக்கே போட்டுது.