மிளகும் தக்காளிக்கூடையும்

11 ஜூன் 2025, புதன், அருவங்காடு

என் பூனை மிளகுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. போன தடவை சாக்குப்பையில் போட்டுத்தான் குன்னூருக்குக் கொண்டுபோனேன். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாய் குரைத்ததும் பையைப் பிய்த்துக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்துவிட்டாள். சிறுத்தை வரும் இடம் என்று ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். இருட்டிய பிறகு, கருவாட்டு வாசனைக்கு வந்தாள். தப்பு என்னுடையதுதான்.

காய்கறிக்கடை அண்ணாச்சியிடம் இரண்டு தக்காளிக்கூடை கேட்டு வாங்கி வந்தேன். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து நைலான் கயிறு கட்டினால் கூண்டு.

13 ஜூன், வெள்ளி

கீழ்க்கூடையை மட்டும் அடுப்பங்கரையில் வைத்து, என் பழைய ஸ்வெட்டரை உள்ளே விரித்திருக்கிறேன். மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். "பூனைக்கு வீடு கட்டுறியா?" என்றார் அம்மா.

16 ஜூன், திங்கள்

நேற்று நெத்திலி போட்டேன். முன்கால் இரண்டும் உள்ளே, பின்கால் இரண்டும் வெளியே வைத்துக்கொண்டு தின்றாள். இன்று மழைக் குளிருக்கு ஸ்வெட்டரில் சுருண்டு தூங்குகிறாள்! மேல்கூடையை ஒரு நிமிடம் கவிழ்த்துவிட்டு எடுத்தேன். ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

19 ஜூன், வியாழன்

பக்கத்து வீட்டு அக்கா, வண்டியில் கத்தாமல் இருக்க அரை பாரசிட்டமால் கொடுக்கச் சொன்னார். நல்லவேளை, டாக்டரிடம் போனில் கேட்டேன். பூனைக்கு அது விஷமாம், உயிரே போய்விடுமாம். மனுஷ மாத்திரை எதுவும் கூடாது, காலையில் சாப்பாடும் வேண்டாம், வளைவுகளில் வாந்தி எடுக்கும் என்றார்.

21 ஜூன், சனி

கூடையைப் போர்வையால் மூடி, ஆட்டோவில் இரண்டு காலுக்கும் நடுவே ஆடாமல் பிடித்துக்கொண்டேன். வெலிங்டன் வரை முனகல், அப்புறம் சத்தமே இல்லை. சிம்ஸ் பூங்கா எதிரே பாஸ்டர் நிறுவனத்தைக் கடக்கும்போது தாத்தா ஞாபகம் வந்தது. 1907இல் தொடங்கிய அந்த இடத்தில்தான் ஆட்டு மூளையிலிருந்து அந்தக் கால வெறிநோய் மருந்தைத் தயாரித்தார்கள். நாய் கடித்த தாத்தாவுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே நாய்கள் நின்றதால் கம்பவுண்டரிடம் சொல்லிவிட்டு ஆட்டோவிலேயே காத்திருந்தோம். கூப்பிட்ட பிறகுதான் இறங்கினேன். டாக்டர் கயிற்றை அவிழ்த்து மேல்கூடையை மட்டும் தூக்கினார். இழுத்துப் போட வேண்டிய வேலையே இல்லை. கீழ்க்கூடையில் ஸ்வெட்டர் மேலேயே உட்கார்ந்திருந்தாள். தலையை ஒரு துண்டால் மூடி, வால் பக்கம் வெப்பமானி வைத்தார். 101.6. காய்ச்சலோ என்று பதறினேன். "பூனைக்கு இதுதான் சரியான சூடு" என்று சிரித்தார். தொளதொளத்த தோலைத் தூக்கி ஊசி போட்டதை அவள் கவனித்தாளா என்றே தெரியவில்லை. என் கைதான் நடுங்கியது.

22 ஜூன், ஞாயிறு

ஊசி போட்ட இடம் வீங்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். அண்ணாச்சி கூடைகளைத் திருப்பிக் கேட்கிறார். கீழ்க்கூடையில் மிளகு தூங்குகிறாள். மேல்கூடையை மட்டும் கொடுத்தனுப்பினேன்.