இலுப்பைப் புண்ணாக்கு போடும் முன் குளத்துக்குப் போய்விடுங்கள்

மீன் வளர்ப்பவர்கள் பேச்சில் 'களை மீன்' என்று ஒரு சொல் அடிக்கடி வரும். கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விடப்போகும் குளத்தில் தானாக வந்து சேர்ந்த மீனெல்லாம் அவர்களுக்குக் களைதான். தீனியில் பங்கு கேட்கும், குஞ்சையும் தின்னும். அதனால் குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பே இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்துக் குளம் முழுக்கத் தெளித்துவிடுவார்கள். 1 மீட்டர் ஆழத் தண்ணீர் என்றால் ஹெக்டேருக்கு 2,500 கிலோ கணக்கு. புண்ணாக்கில் இருக்கும் சப்போனின் மீனின் ரத்த அணுக்களை உடைக்கும். சில மணி நேரத்தில் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கும். அப்படி மிதப்பதில் பல, வீட்டுத் தொட்டியில் விட்டால் கண்ணெடுக்க முடியாத மீன்கள்.

நாட்டு வண்ணமீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் முதலில் கைகாட்ட வேண்டிய இடம் இந்தக் குளங்கள்தான். டெல்டா பக்கம் மேட்டூர் தண்ணீரை நம்பியிருக்கும் பண்ணைகள் சித்திரை, வைகாசியில் குளத்தை வற்றவிட்டுத் தயார் செய்யும். ஏரிப்பாசனப் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் அந்த வேலை நடக்கும். புண்ணாக்கு தெளிக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு, அதற்கு இரண்டு நாள் முன்னால் காலை ஆறு மணிக்குப் போய் நிற்க வேண்டும். எப்படியும் சாகப்போகிற மீன் என்பதால் உரிமையாளருக்கு மறுப்பு இருக்காது, ஆற்றிலிருந்து அள்ளிவிட்டோமே என்ற உறுத்தல் நமக்கும் இல்லை. புண்ணாக்கு விழுந்த பிறகு மயங்கி மிதக்கும் மீனை நல்ல தண்ணீரில் போட்டால் தெளிந்துவிடுவதுபோலத் தெரியும், ஆனால் ரெண்டு மூணு நாளில் ஒவ்வொன்றாகப் போய்விடும். அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

அடுத்த நல்ல காலம் தை, மாசி. சம்பா அறுவடை முடிந்து வயல் தண்ணீர் வடியும்போது வாய்க்காலின் பள்ளங்களில் அந்தப் பருவத்துக் குஞ்செல்லாம் ஒதுங்கும். ஒன்றை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: அந்த வயலில் கடைசியாக எப்போது மருந்து அடித்தார்கள்? மருந்துத் தண்ணீரில் கிடந்த மீன் பிடிக்கும்போது துள்ளும், நான்காம் நாள் தொட்டியில் வட்டமடித்துச் சாகும். நமக்கோ ஃபில்டர் மேல்தான் சந்தேகம் வரும்.

ஏரி, கண்மாய் என்றால் மீன்பாசி குத்தகை (மீன்பிடி உரிமை) எடுத்தவரிடம் கேட்காமல் வலை போடக் கூடாது. கோடையில் ஊர் கூடி ஊத்தா, கச்சா என்ற மீன்பிடிக் கருவிகளோடு இறங்கும் மீன்பிடித் திருவிழாவில் மீன் ஏராளமாகக் கிடைக்கும், தொட்டிக்குத்தான் உதவாது. ஆயிரம் கால்கள் கலக்கிய சேற்றில் செவுள் அடைத்து, செதில் உதிர்ந்த மீன் அது. காப்புக்காட்டு ஓடைகளிலும் சரணாலயங்களிலும் எதையும் தொடவே கூடாது, சட்டப்படி குற்றம். தாமிரபரணியின் பெயரையே தாங்கிய டாகின்சியா தாம்பிரபர்னியை எனும் கெண்டை உலகில் அந்த ஆற்றுப் படுகையில்தான் இருக்கிறது, அழியும் ஆபத்தில் இருக்கிறது. அதை வீட்டுத் தொட்டிக்கு நினைக்கவே வேண்டாம். மிஸ் கேரளா எனும் சிவப்புக்கோட்டுக் கெண்டையும் அழியும் ஆபத்துப் பட்டியலில் உள்ளதுதான். பண்ணையில் பொரித்தது முன்பு விற்பனைக்கு இருந்தது, ஆனால் 2022 சட்டத் திருத்தம் அதை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டதால் அதையும் விட்டுவிடுங்கள். மற்ற மீன்களில், ஒரே அளவுக் குஞ்சுகளாக வரும் லாட் பெரும்பாலும் பண்ணைச் சரக்கு. பெரிதும் சிறிதுமாக, துடுப்பு கிழிந்து வருவது ஆற்றில் பிடித்ததாக இருக்கலாம். விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடையென்றால் சென்னைக்காரர்களுக்கு கொளத்தூர். அங்கே நாட்டு மீனுக்குத் தனித் தொட்டி குறைவு. நேராகக் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். காட்டும்போது ஏமாற்றமாக இருக்கும், ஏனென்றால் பளீரென்ற விளக்கில், மணல்கூட இல்லாத கண்ணாடித் தொட்டியில் இவை சாம்பல் நிறத்துக்குப் போய்விடும். பயந்த மீன் நிறத்தைச் சுருக்கிக்கொள்ளும். கறுப்பு மணல், செடி நிழல், மங்கிய விளக்கு கொடுத்தால் இரண்டு மூன்று வாரத்தில் நிறம் ஏறும். ஆகவே கடையில் நிறத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். வயிறு உள்வாங்காமல் இருக்கிறதா, செவுள் இரண்டு பக்கமும் சீராக அசைகிறதா, துடுப்பை விரித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதிலும் உடம்பு ஊடுருவித் தெரியும் கண்ணாடி மீனின் முதுகில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகக் கோடு மின்னினால் அது ஊசியில் ஏற்றிய சாயம். வாங்காதீர்கள், அந்தக் கடைக்கு இன்னொரு தரம் போகவும் வேண்டாம்.

இனி எதைத் தேடுவது என்று பார்ப்போம். முதலிடம் ஆரஞ்சு குரோமைட்டுக்கு. கேரளத்தில் பள்ளத்தி என்பார்கள். கரிமீனின் சின்னத் தம்பி, 8 செ.மீ. வரை வளரும். மஞ்சள் உடம்பில் வரிசையாகச் சிவப்புப் புள்ளி, பக்கவாட்டில் ஒரு கரும்பொட்டு. கழிமுகத்திலும் கடலோர நன்னீரிலும் வாழ்வதால் சென்னையின் உப்பு ஏறிய போர்வெல் தண்ணீர் இதற்குத் தாய்வீடு மாதிரி. தாயும் தகப்பனும் சேர்ந்து முட்டையைக் காக்கும், குஞ்சுகள் பெற்றோரின் உடல் மேலுள்ள வழவழப்பைக் கொத்தித் தின்னும். அதைத் தொட்டியில் பார்க்க வேண்டுமானால் ஆறு குஞ்சு வாங்கி வளர்த்து, தானாக ஜோடி சேர்ந்ததும் மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். இதன் குஞ்சையும் ஜிலேபி (திலேப்பியா) மீன் குஞ்சையும் குழப்பிக்கொள்வது சாதாரணம். ஜிலேபிக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் பின்பாதியில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் ஆறு மாதத்தில் தொட்டி அதனுடையது.

இழைக்கெண்டை என்று சொல்லத்தக்க ஃபிலமென்ட் பார்ப் தென்மாவட்டத்துக் குளங்களிலும் ஆறுகளிலும் உண்டு. குஞ்சில் உடம்பில் கறுப்புப் பட்டைகள். வளர வளர அவை மறைந்து வாலருகே ஒரு கரும்பொட்டும், வால் நுனியில் சிவப்பும் கறுப்பும் மிஞ்சும். ஆண் மீனின் முதுகுத் துடுப்பு இழை இழையாக நீளும். 10 செ.மீ.க்கு மேல் வளரும் கூட்ட மீன் என்பதால் 4 அடித் தொட்டி இல்லாதவர்கள் ஆசைப்பட வேண்டாம்.

சின்னத் தொட்டிக்குப் பொருத்தம் வயல் வாய்க்காலில் கிடக்கும் சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ். 6 செ.மீ.தான், 40 லிட்டர் போதும். இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டும். முட்டையிடும் வேளையில் பெண் மீன் கரிக்கட்டையாகக் கறுத்துவிடும், புதிதாகப் பார்ப்பவர்கள் நோய் என்று மருந்து ஊற்றிவிடுகிறார்கள். நெற்றியில் வெள்ளிப் பொட்டோடு தண்ணீர் மேலேயே நிற்கும் பஞ்சாக்ஸ் வகையும் அருமை. ஆனால் தொட்டிக்கு இடைவெளி இல்லாத மூடி வேண்டும், வயர் போகும் ஓட்டை வழியாகக்கூடக் குதிக்கும். அடித்தளத்துக்கு அயிரை. மதுரைப் பக்கச் சந்தைகளில் உயிரோடு விற்பதால் இதைத் தேடி அலையவே வேண்டாம். குழம்புக்கு வாங்குபவர்களுக்கு இடையில் நின்று, பாத்திரத்தில் அயிரையோடு கலந்து வந்த பொடிக்கெண்டைகளையும் சேர்த்து வாங்கலாம். அயிரைக்குக் கூர்கல் ஆகாது, புதைந்துகொள்ள நைஸ் மணல் 4 செ.மீ. வேண்டும்.

கண்ணாடி மீனில் ஒரு எச்சரிக்கை. அதில் பராம்பாசிஸ் வகை சாது. சாண்டா நாமா என்ற வகை மற்ற மீன்களின் செதிலைப் பறித்துத் தின்னும். கீழ்த்தாடை துருத்திக்கொண்டு இருப்பது சாண்டா.

பிடிக்க 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும். கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகி, சுற்றிலும் ஊசியால் துளையிட்டு, வேகவைத்த சோறும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து ஓர் உருண்டை வையுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்க விட்டால் உள்ளே காற்று தீர்ந்து எல்லாம் செத்திருக்கும், அல்லது தண்ணிப்பாம்பு சுருண்டிருக்கும். வலையென்றால் முடிச்சில்லாத மென்வலை. மீனைக் கையால் தொடாமல் குவளையால் மொண்டு மாற்றுங்கள். வழவழப்பு உரிந்த இடத்தில்தான் மூன்றாம் நாள் பஞ்சு போலப் பூஞ்சை பிடிக்கும்.

பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி ஆக்சிஜன். 3 லிட்டர் தண்ணீருக்கு 4 செ.மீ. மீன் 15, ஆறு மணி நேரப் பயணத்துக்கு அதுவே அதிகபட்சம். அதற்குமேல் திணித்தால் அமோனியா கொல்லும். தெர்மோகோல் பெட்டி இருந்தால் வெயில் தாக்காது. அதே குளத்துத் தண்ணீர் 10 லிட்டர் கேனில் தனியாக வரட்டும்.

வீட்டுக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் தவறுவது டிடிஎஸ்ஸில், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவில். மலையடிவார ஓடைத் தண்ணீர் 100க்கும் கீழே இருக்கும், நகரத்து போர்வெல் 1,000ஐத் தாண்டும். பையை மிதக்கவிட்டு அரை மணியில் திறந்துவிடுவது வெப்பத்துக்கு மட்டுமே சரி. ஏர்டியூபில் முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக, பைத் தண்ணீர் மூன்று மடங்காகும்வரை இறக்குங்கள். வித்தியாசம் பெரிதென்றால் குளத்துத் தண்ணீரிலேயே தொடங்கி, ஒரு வாரத்துக்குத் தினம் கொஞ்சமாக மாற்றுவது நல்லது.

புது மீனுக்குத் தனித்தொட்டி நான்கு வாரம். இதில் சமரசம் கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிய ஒரு பானை ஓடு, மூடி, அவ்வளவுதான். முதல் வேலை டார்ச் அடித்து ஒவ்வொரு மீனையும் பார்ப்பது. துடுப்படியில் நூல் துண்டு போல ஒன்று தொங்கி, நுனி இரண்டாகப் பிரிந்திருந்தால் நங்கூரப் புழு. மீனை ஈரத்துணியில் பிடித்து, ட்வீசரால் அடியோடு மெதுவாக உருவி, புண்ணில் ஒரு சொட்டு போவிடோன் அயோடின். செவுளில் படக் கூடாது. கண்ணாடித் துண்டு போலத் தட்டையாக நகர்ந்தால் மீன் பேன், அதையும் ட்வீசரால் எடுக்கலாம். நங்கூரப் புழுவின் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்காமல் விட்டால் வேலை வீண். வெண்புள்ளி நோய்க்கு அயோடின் சேராத கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம், வெப்பம் 30 டிகிரி, 10 நாள். அயிரைக்கு உப்பு பாதியளவே. மார்கழிக் குளிரில் பிடித்த மீனில் சிவந்த குழிப்புண் இருந்தால் அந்த லாட்டையே எடுக்காதீர்கள்.

உருண்டைத் தீனியை முதல் வாரம் தொடாது. கொசுப்புழுவும் மொய்னா எனும் நீர்த்தெள்ளும் கொடுத்து, நாலைந்து நாளில் அதோடு ஊறவைத்த பெல்லட்டைக் கலந்தால் பழகிக்கொள்ளும். சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழு கொடுப்பதென்றால் தனித்தொட்டியில் பட்ட பாடெல்லாம் எதற்கு?

அலுத்துப்போய்த் திரும்ப ஏரியில் விடும் எண்ணம் வந்தால், விடாதீர்கள். நாட்டு மீன்தானே என்று தோன்றும். கடைத் தொட்டியின் நோயும் வேறு ஆற்றுப்படுகையின் இனமும் அப்படித்தான் போய்ச் சேருகின்றன. வாங்கிய கடையிலோ வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துவிடுங்கள்.