கண்வலி விதையும் 400.1755-உம்

ஜனவரி 19
வேதாரண்யம். காய் பறிப்பு தொடங்கியாச்சு. கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள் செடியின் நெற்றை உடைத்தால் உள்ளே ஆரஞ்சும் சிவப்புமாக உருண்டை விதைகள், வெயிலில் சுண்டினால் பழுப்பாகிவிடும். அப்பா நொண்டிக்கொண்டே களத்துக்கு வந்துவிட்டார். வராதீங்கப்பா என்றால் கேட்பதில்லை.

ஜனவரி 21
தஞ்சாவூர். விதையில் என்னென்ன இருக்கிறது என்று மூலக்கூறுகளை எடைபோட்டுச் சொல்லும் கருவியில் (நிறைமாலைமானி) ஸ்லாட் இல்லை.

ஜனவரி 24
இன்றும் இல்லை. நைட்ரஜன் தீர்ந்துவிட்டதாம்.

அப்பாவுக்குப் பெருவிரல் வீக்கம் இன்னும் வடியவில்லை என்று அம்மா போனில் சொன்னாள். டாக்டர் கொடுத்திருப்பது கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராம். "நம்ம கொல்லையில விளையிறதத்தானேம்மா மாத்திரையா தர்றாங்க" என்று பின்னாலிருந்து அப்பா குரல். அதைக் கேட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. மாத்திரையில் எவ்வளவு என்று அட்டையில் போட்டிருக்கிறது, விதையில் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா, செல் பிரிவதையே நிறுத்துகிற பொருள் அது, மருந்தாகிற அளவுக்கும் உயிரை வாங்குகிற அளவுக்கும் நடுவில் இடம் ரொம்பக் குறைவு. மூட்டையை வீட்டுக்குள் வைக்காதீங்க, களத்திலிருந்து வந்து கை கழுவாமல் வெற்றிலை மடிக்க விடாதே என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஜனவரி 27
ஸ்லாட் கிடைத்தது! மெத்தனாலில் எடுத்த விதைச்சாறு உள்ளே போய், பொருள் பொருளாகப் பிரிந்து வெவ்வேறு நேரத்தில் வெளிவந்து, எலெக்ட்ரோஸ்ப்ரேயில் பொடித்துளியாகச் சிதறி, ஒரு புரோட்டானை ஏற்றிக்கொண்டு நிறை 400.1755-இல் வந்து நின்றது. கோல்ச்சிசின். மூலக்கூறை உடைத்துப் பார்த்தால் துண்டுகள் 358, 341, 310, எல்லாம் சரி. 548.21-இல் இன்னொன்று, அதை உடைத்தால் 386.16. நடுவில் காணாமல் போன 162 ஒரு குளுக்கோஸ். அப்போ கோல்ச்சிகோசைடு. தசைப்பிடிப்புக்குக் கொடுக்கிற தயோகோல்ச்சிகோசைடை இதிலிருந்துதான் செய்கிறார்கள். சந்தோஷமாக இருந்தது.

ஆனால் 400.1755 இன்னொரு முறையும் வந்தது, வேறு நேரத்தில், வரைபடத்தில் சின்ன முகடாக, சின்ன பீக்காக.

ஜனவரி 28
அந்தச் சின்ன பீக்.

ஜனவரி 30
லூமிகோல்ச்சிசினாகத்தான் இருக்க வேண்டும். வெளிச்சம் பட்டால் கோல்ச்சிசினின் ஏழு கார்பன் வளையம் உள்ளுக்குள்ளேயே மடங்கி நான்கும் ஐந்துமாக ஒட்டிக்கொள்ளும், ஒரு அணு கூடுவதுமில்லை குறைவதுமில்லை, அதனால் எத்தனை தசமம் துல்லியமாக எடை போட்டாலும் ரெண்டும் ஒன்றேதான். நிறையை மட்டும் பார்த்து ரெண்டையும் கூட்டி கோல்ச்சிசின் என்று எழுதிவிட்டால் அந்த எண் பொய். கோல்ச்சிசின் செல் பிரிவதை நிறுத்துவது டியூபுலின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டுதான்; லூமி அதோடு ஒட்டாது, மருந்துக்கு உதவாது. நல்லவேளை, அதே ஓட்டத்தில் புற ஊதா ஒளியிலும் பதிவு செய்திருந்தோம். கோல்ச்சிசின் 350 நானோமீட்டர் பக்கம் நன்றாக உறிஞ்சும். சின்ன பீக்கில் அந்த மேடு இல்லை.

ஜனவரி 31
எங்கே மாறியது? செடியிலேயே கொஞ்சம் இருக்கிறதா, களத்து வெயிலா, இங்கே மேசைமேல் விளக்கா? அறுப்பு முழுக்க அப்பா கால் வலியோடு நின்று காயவைத்த விதை. வெயிலால்தான் தரம் குறைகிறது என்றால் அவரிடம் எப்படிச் சொல்வது, அதுவும் கோடியக்கரைப் பக்கமெல்லாம் எல்லோரும் மணலில் விரித்துத்தானே காயவைக்கிறார்கள்.

வீக்கம் குறைந்திருக்கிறதாம்.

பிப்ரவரி 2
மாமா போன். வியாபாரி வந்து பார்த்துவிட்டுப் போனானாம், "மெஷின் என்னம்மா சொல்லுது, வெலை ஏத்திக் கேக்கலாமா?" பொறுங்க மாமா என்றேன். அதே கொல்லை நெற்று கொஞ்சத்தை வீட்டு நிழலில் காயவைத்து, கறுப்புத் துணியில் கட்டி பஸ்ஸில் கொடுத்துவிடச் சொன்னேன். இங்கே பழுப்புக் குப்பிதான் இனிமேல், விளக்கையும் அணைத்துவிட்டுத்தான் அரைக்க வேண்டும்.

பிப்ரவரி 4
நிழல் விதை வந்துவிட்டது. நாளைக் காலை 9 மணிக்கு ஸ்லாட்.