துவரைப் பூவும் கொப்புள வண்டும்

அக்டோபர் 12

ஆடிப் பட்டத்தில் நிலக்கடலைக்கு ஊடுபயிராக விதைத்த துவரை மஞ்சள் மஞ்சளாகப் பூத்ததும் கொப்புள வண்டுகள் வந்துவிட்டன. கறுத்த முன்சிறகில் ஆரஞ்சுப் பட்டைகள் கொண்ட ஒரு வண்டு, மேலே விரிந்து நிற்கும் பெரிய இதழை ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே உள்ளே சென்று, இதழ் தீர்ந்தபின் மகரந்தத் தாள்களையும் தின்றது. காலடியில் இருந்த இலையைத் தீண்டவே இல்லை.

அக்டோபர் 15

நிறத்தைக் கண்டுதான் வருகிறதா? இஸ்ரேலில் அனிமோன், பாப்பி போன்ற செம்பூக்களை நாடும் வண்டுகளுக்காக ஆய்வாளர்கள் மணமற்ற பிளாஸ்டிக் கிண்ணங்களைப் பல நிறங்களில் வைத்தபோது, அவை சிவப்புக் கிண்ணங்களிலேயே மிகுதியாக விழுந்தன. 1990இல் வெளியான இந்த ஆய்வு, கண் மட்டுமே வழிகாட்டப் போதும் என்பதைத் தெளிவாக்கியது. நம் கொப்புள வண்டோ மஞ்சள் துவரைக்கும் வருகிறது, வெளிர்மஞ்சள் வெண்டைக்கும் வருகிறது, வேலியோரச் செம்பருத்தியையும் விடுவதில்லை. ஒரே நிறத்துக்குக் கட்டுப்பட்ட வண்டு அல்ல இது.

அக்டோபர் 19

ஐரோப்பாவில் கடுகினப் பயிரைத் தாக்கும் மகரந்த வண்டு, செடியின் மணத்தைப் பிடித்துக் காற்றை எதிர்த்துப் பறந்து வந்து, அருகில் மஞ்சள் நிறத்தைக் கண்டு இறங்குகிறது. முட்டையிடுவதற்கோ 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளமுள்ள மொட்டாகப் பார்த்துத் தேர்கிறது. குஞ்சு வளரப்போவது அந்த மொட்டுக்குள் என்பதால் அத்தனை கறார். கொப்புள வண்டு மண்ணில் முட்டையிடுகிறது. அதன் புழுக்கள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்கின்றன. பூ அதற்குத் தன் வயிற்றுக்கு மட்டுமே, பிள்ளைக்கு அல்ல. துவரை, வெண்டை, செம்பருத்தி என்று அது கூசாமல் மாறுவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்று எனக்குப் படுகிறது.

அக்டோபர் 22

வெட்டுக்கிளியை ஒழிக்கும் புழுவின் தாயாக இருந்தாலும், பூ போனால் காய் இல்லை, விட்டுவைக்க முடியாது. ஆனால் பூக்கும் பருவத்தில் மருந்தடித்தால், துவரைக்கு மகரந்தம் சேர்க்கும் தேனீக்களும் சாகும், அதற்கு நான் உடன்படமாட்டேன். குளிரில் வண்டு மந்தமாக இருக்கும் அதிகாலையில், கையுறை அணிந்து, கொத்தைச் சோப்பு நீர் வாளிக்குள் சாய்த்து உதறினோம். வெறுங்கையால் பிடித்தால் கால் மூட்டுகளிலிருந்து மஞ்சள் நீரைக் கசியவிடும். அதிலுள்ள காந்தாரிடின் என்ற நச்சு பட்ட இடமெல்லாம் கொப்புளமாகிவிடும். பூத்து முடிந்து காய் பிடிக்கும் வரை இப்படியே தொடர்வதாக முடிவு செய்திருக்கிறோம்.